158 சென்டிமீட்டரும் ஒரு சைக்கிளும்

ஒரு நல்ல ரோடு பைக்கின் எடை எட்டு, ஒன்பது கிலோ. அட்டைப்பெட்டி, ஃபோம், டேப் எல்லாம் சேர்ந்தாலும் பதின்மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து அமெரிக்கா போகிறவர் பல நிறுவனங்களில் 23 கிலோ சூட்கேஸ் இரண்டைக் காசில்லாமல் ஏற்றிவிடலாம். ஊறுகாய் பாட்டிலும் வெண்கலப் பானையும் அதில் அடக்கம். அதே பயணி ஒரே ஒரு சைக்கிள் பெட்டியோடு வந்து நின்றால், தனியாகப் பணம் கட்டச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. 46 கிலோவுக்குக் கேட்காத பணத்தை 13 கிலோவுக்கு ஏன் கேட்கிறீர்கள் என்றால், கவுண்டரில் இருக்கும் பெண் 'ஓவர்சைஸ் சார்' என்பார். அவர் மீது தப்பில்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் கணக்கு அப்படி.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ., அதாவது 62 அங்குலம். உலகெங்கும் பெரும்பாலான விமான நிறுவனங்கள் செக்-இன் லக்கேஜுக்கு வைத்திருக்கும் எல்லை இதுதான். வீட்டுப் பரணில் கிடக்கும் பெரிய சூட்கேஸை இறக்கி டேப் வைத்துப் பார்த்தால் 155, 157 என்று வந்து நிற்கும். சூட்கேஸ் செய்கிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துத்தான் அச்சே வார்க்கிறார்கள். சைக்கிள் செய்கிறவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. கடைக்குப் புதுச் சைக்கிள் வந்திறங்கும் அட்டைப்பெட்டி கிட்டத்தட்ட 140 செ.மீ. நீளம், 80 உயரம், 20 அகலம் இருக்கும். கூட்டினால் 240.

இதைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று தோன்றும். சக்கரத்தை மட்டும் பாருங்கள். 700சி ரிம்மில் 28 மி.மீ. டயர் மாட்டினால் விட்டம் ஏறக்குறைய 68 செ.மீ. அதை ஒரு பெட்டிக்குள் வைத்தால் நீளத்தில் 68, உயரத்தில் 68, ஆக 136 அங்கேயே போயிற்று. மிச்சம் 22 செ.மீ. அந்த 22-க்குள் இன்னொரு சக்கரம், ஹேண்டில்பார், பெடல், பிரேம் எல்லாம் போக வேண்டும். பிரேமோ ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதை அறுத்தாலொழிய வழியில்லை.

அறுத்தும் பார்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் எஸ் அண்ட் எஸ் நிறுவனம், ஸ்டீல் பிரேமின் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் நடுவில் வெட்டி, திருகி இறுக்குகிற இணைப்பு வைத்தது. சைக்கிள் இரண்டாகப் பிரியும்; 26 அங்குல நீளம், 26 உயரம், 10 அகலம் உள்ள பெட்டிக்குள் போய்விடும். கூட்டிப் பாருங்கள், சரியாக 62. ஓரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் 1992இல் தொடங்கிய பைக் ஃபிரைடே வேறு வழியில் போனது. சக்கரத்தையே 20 அங்குலமாகச் சுருக்கி, சைக்கிளைச் சாதாரண சூட்கேஸுக்குள் மடித்து வைத்துவிட்டது. போய் இறங்கியதும் அந்தச் சூட்கேஸுக்கே அடியில் சக்கரம் மாட்டி, துணிமணியை அதில் போட்டு, சைக்கிளின் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் உருவாக்கிய பிராம்ப்டன், மடித்தால் 58.5, 56.5, 27 செ.மீ. கூட்டினால் 142, சுற்றிலும் ஃபோம் வைக்க இன்னும் 16 செ.மீ. கையில் இருக்கிறது.

மூன்றும் கெட்டிக்காரத்தனமான வேலைகள். பிராம்ப்டனாவது ரயிலுக்கும் அடுக்குமாடி லிஃப்டுக்கும் உதவும். ஆனால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சைக்கிளை, ஒரு கட்டண அட்டவணைக்குள் நுழைவதற்காக மட்டும் நடுவில் வெட்டி மறை போடுகிறார்கள் என்றால், நாம் கேள்வி கேட்க வேண்டியது சைக்கிளையா, அட்டவணையையா?

இரண்டு சூட்கேஸின் இடம்

விமான நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் போவது சரியில்லை. நம் ஊர் உள்நாட்டுப் பாதைகளில் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்களில் பெரும்பாலும் பெட்டிகளைக் கையால்தான் அடுக்குகிறார்கள். சரக்கறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. ஊழியர் முட்டி போட்டுக்கொண்டு, பெல்ட்டில் ஏறி வரும் பெட்டியை வாங்கி உள்ளே தள்ளுவார். 140 செ.மீ. நீளப் பெட்டி அங்கே சுலபமாகத் திரும்பாது. அதற்கு முன்பே, விமான நிலையத்தின் வழக்கமான பெல்ட்டில் அது போகாது. தனி வாசல், தனி எக்ஸ்-ரே, தள்ளுவண்டியில் கொண்டுபோக ஓர் ஆள். தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போகும் ஏ.டி.ஆர் 72-இல் இடம் இன்னும் நெருக்கடி. ஒரே நாளில் ஆறு பேர் சைக்கிளோடு வந்தால் யாராவது ஒருவர் கீழே நிற்க வேண்டியதுதான்.

சரி, இடத்துக்குத்தான் காசு என்றால் இடத்தைக் கணக்குப் போடுவோம். 140, 80, 20-ஐப் பெருக்கினால் 2,24,000 கன செ.மீ. ஒரு பெரிய சூட்கேஸ் 75, 50, 30 என்று வைத்துக்கொண்டால் 1,12,500. ஆக, சைக்கிள் பெட்டி அடைக்கும் இடம் இரண்டு சூட்கேஸின் இடம். எடை ஒன்றில் பாதிக்குச் சற்றே மேல். இரண்டு பெட்டி இலவசம் என்று டிக்கெட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கும் நிறுவனம், வேறு பெட்டியே இல்லாமல் ஒரு சைக்கிளோடு வருகிறவரிடம் எதற்குப் பணம் வாங்குகிறது? அவர் தனக்குக் கொடுத்த இடத்தைத்தான் பயன்படுத்துகிறார். எடையில் முப்பது கிலோவுக்கு மேல் மிச்சமும் பண்ணிக் கொடுக்கிறார். ஒரு பெட்டி மட்டும் இலவசம் என்றால், இன்னொரு பெட்டிக்கான காசை வாங்கிக்கொள்ளட்டும். தள்ளுவண்டி ஆளுக்கு ஏதாவது சேர்த்தும் வாங்கட்டும். அதற்கு மேல் வாங்குவதற்கு இடமும் எடையும் காரணமாக இருக்க முடியாது.

கோல்ஃப் பையைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மட்டைகளோடு ஒரு கோல்ஃப் பையின் நீளம் 125 செ.மீ. வரை வரும், அகலம், தடிமன் சேர்த்தால் 190-ஐத் தாண்டும். 158 எங்கே போயிற்று? அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் நெடுங்காலமாகவே கோல்ஃப் பையைச் சாதாரணப் பெட்டியாகத்தான் ஏற்றிவந்தன. அளவு மீறியதற்கு அபராதம் கிடையாது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் அடிக்கடி பறக்கிறவர்கள், பிசினஸ் வகுப்புக்காரர்கள், கோபப்பட்டால் அடுத்த முறை வேறு விமானத்தில் போகிறவர்கள். சைக்கிள்காரன் ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் மலிவான டிக்கெட்டில் வருகிறவன்.

2008இல் எண்ணெய் விலை எகிறிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் கேட்கத் தொடங்கியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். எண்ணெய் விலை அப்புறம் இறங்கியது. பெட்டிக் கட்டணம் இறங்கவில்லை. 2023இல் அமெரிக்க நிறுவனங்கள் லக்கேஜுக்காக மட்டும் வாங்கிய தொகை சுமார் 700 கோடி டாலர். சைக்கிளுக்கு ஒரு வழிக்கே 150, 200 டாலர் என்று வாங்கியது 2008-ஐத் தொடர்ந்த ஆண்டுகளில்தான்.

பிறகு ஒன்று நடந்தது. 2019 மே மாதம் அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சைக்கிளுக்கான 150 டாலர் தனிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. 23 கிலோவுக்குள், கூட்டளவு 320 செ.மீ.க்குள் இருந்தால் சாதாரணப் பெட்டிக்குரிய கட்டணம் போதும். அப்போது அது 30 டாலர். அதே ஆண்டு டெல்டாவும், சில ஆண்டுகளில் யுனைடெட்டும் இதே வழிக்கு வந்தன. விமானத்தின் சரக்கறை இடையில் பெரிதாகிவிடவில்லை. முட்டி போட்டு அடுக்குகிறவரின் வேலையும் மாறவில்லை. அப்படியானால் 120 டாலர் வித்தியாசம் அத்தனை வருடம் எதற்காக வாங்கப்பட்டது என்பதை அவர்கள் விளக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

வீணைக்கு ஒரு சட்டம்

கர்நாடக இசைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை சைக்கிள்காரர்களுக்கு முன்பிருந்தே தெரியும். நாலடி நீள வீணையை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குக் கொண்டுபோவது எப்படி என்ற கவலையில்தான் குடம் தனி, தண்டி தனி என்று கழற்றி மாட்டும் வீணைகள் வந்தன. பலா மரத்துக்கு நேர்ந்ததுதான் ஸ்டீல் பிரேமுக்கும் நேர்ந்தது.

ஆனால் இசைக்காரர்கள் ஒரு விஷயத்தில் முந்திவிட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2012இல் நிறைவேற்றிய விமானத் துறைச் சட்டத்தில் இசைக்கருவிக்கென்றே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 2015 மார்ச்சிலிருந்து அது விதியாகவும் நடைமுறைக்கு வந்தது. கூட்டளவு 150 அங்குலம், எடை 165 பவுண்டு வரை உள்ள கருவியை, பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லாதவரை, விமானம் ஏற்றிக்கொண்டே ஆக வேண்டும். 150 அங்குலம் என்பது 381 செ.மீ. சைக்கிள் பெட்டி அதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. செலோவும் டபுள் பேஸும் ஏறுகிற சரக்கறையில் சைக்கிள் ஏறாது என்று யாரும் சொல்ல முடியாது. அரசு ஒரு வரி எழுதினால் காரியம் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் ஊரில் அந்த ஒரு வரி எதிர்ப்பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, டிக்கெட் விலையிலிருந்து பிரித்துத் தனியாகக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருக்கும் சேவைகளின் பட்டியல் ஒன்று உண்டு. விருப்பப்பட்ட இருக்கை, சாப்பாடு, ஓய்வறை, செக்-இன் லக்கேஜ் ஆகியவற்றோடு விளையாட்டுச் சாமான், இசைக்கருவி இரண்டும் அதில் இருக்கின்றன. வாங்கலாம் என்று சொன்ன சுற்றறிக்கை, எவ்வளவு வாங்கலாம் என்று சொல்லவில்லை. அதனால் ஒரு நிறுவனத்தில் சைக்கிளை எடைக் கணக்கோடு சேர்த்துவிடுகிறார்கள். இன்னொன்றில் தனி ரசீது. மூன்றாவதில் அன்றைக்கு டியூட்டியில் இருப்பவரின் மனநிலை.

இந்த மூன்றாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நான்கைந்து இளைஞர்கள், கையில் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. வட இந்தியாவில் ஏதோ மலையேற்றச் சவாரிக்குப் போகிறவர்கள்.

“சார், இதுல என்ன இருக்கு?”

“சைக்கிள் மேடம். பதினாலு கிலோதான் இருக்கு, பாருங்க. மெயில்ல கேட்டேன், எடைக்குள்ள இருந்தா ஓகேன்னு பதில் போட்டாங்க.”

“சிஸ்டத்துல ஒண்ணும் வரலையே சார். ஒரு நிமிஷம், சூப்பர்வைசரைக் கேட்டுச் சொல்றேன்.”

சூப்பர்வைசர் வந்தார், பெட்டியைச் சுற்றிப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. இளைஞர் கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். பக்கத்துக் கவுண்டரில் நின்ற அவருடைய நண்பரின் பெட்டி, அதே அளவு, ஒரு பைசா இல்லாமல் டேக் ஒட்டி உள்ளே போய்விட்டது. இருவரும் ஒரே விமானம், ஒரே வகை டிக்கெட்.

கட்டணம் அதிகம் என்பதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. எவ்வளவு என்று முன்பே தெரிந்தால் கட்டுவதா, வேண்டாமா என்று வீட்டிலேயே முடிவெடுக்கலாம். விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கையில், சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோகவும் வழியில்லாத நிலையில் சொல்லப்படும் எந்தத் தொகையும் விலை ஆகாது. ஐரோப்பாவின் மலிவுக் கட்டண நிறுவனங்களான ரயன்ஏர், ஈஸிஜெட்டை எல்லோரும் திட்டுகிறோம். சைக்கிளுக்கு அவர்கள் வாங்குவதும் குறைவில்லை. ஆனால் டிக்கெட் போடும்போதே ஒரு வழிக்கு இவ்வளவு, எடை இவ்வளவு வரை என்று திரையில் வந்துவிடும். அந்த நேர்மையாவது வேண்டும்.

அதுவரை என்ன செய்வது?

உள்நாட்டுப் பயணத்தில் எகானமி வகுப்புக்குப் பொதுவாக 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. இங்கே அளவைவிட எடைதான் எதிரி. ரோடு பைக் பெட்டியோடு 13 கிலோ என்றால் சிக்கல் இல்லை. உடுப்பையெல்லாம் கைப்பையில் அடக்கிக்கொண்டால் போதும். மலைப்பாதைக்கான எம்டிபி ரகச் சைக்கிள் என்றால் வண்டியே 15, 16 கிலோ, பெட்டி நாலு கிலோ. கூடுதலாக வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் பல நூறு ரூபாய் போட்டால், போகவர ஆகும் தொகை சாதாரணச் சைக்கிளின் விலையை நெருங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். அப்படிப்பட்ட வண்டியை ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்து அனுப்பிவிட்டு, ஆள் மட்டும் விமானத்தில் போவது உத்தமம். கூரியரிலோ விமானச் சரக்கிலோ அனுப்பலாமே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கன அளவை எடையாக மாற்றுவார்கள். சரக்கில் 6,000 கன செ.மீ. ஒரு கிலோ, கூரியரில் பெரும்பாலும் 5,000. நம் 2,24,000-ஐ வகுத்தால் 37 கிலோ, அல்லது 45 கிலோ. பதின்மூன்று கிலோ பெட்டிக்கு!

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் டிக்கெட் விலையை ஒப்பிடும்போதே சைக்கிளையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். மூவாயிரம் ரூபாய் குறைவு என்று எடுத்த டிக்கெட், சைக்கிளுக்குப் பதினைந்தாயிரம் வாங்கிவிடும். இரண்டு நிறுவனத்தில் தனித்தனி டிக்கெட் எடுத்தால் இரண்டு இடத்திலும் கட்ட வேண்டிவரும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் ஒரே விதி. முன்பதிவில் சைக்கிள் இருப்பதைக் குறிக்க 'பைக்' என்றே விமானத் துறையில் ஒரு குறியீடு இருக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து அதை உங்கள் பி.என்.ஆரில் ஏற்றச் சொல்லுங்கள். மெயிலில் 'ஓகே' வாங்கி வைத்துக்கொண்டு அது ஏறாமல் போனதால்தான் மேலே சொன்ன இளைஞர் பணம் கட்டினார். நிறுவனத்தின் விதிப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது பழைய பாணிதான், வேலை செய்கிறது.

இனி, பெட்டி. ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கடினப் பெட்டி வாங்குகிறவர்கள் அதன் எடையை யோசிப்பதில்லை. வெறும் பெட்டியே பத்துக் கிலோவைத் தாண்டும். 23 கிலோ கிடைக்கும் பயணத்துக்கு அது சரி, 15 கிலோவுக்கு வாய்ப்பே இல்லை. தெரிந்த சைக்கிள் கடையில் சொல்லி வைத்தால் புதுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைச் சும்மாவே கொடுப்பார்கள். கேட்கும்போது ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவில் வைத்திருந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் கட்டையையும் கேட்டு வாங்குங்கள். பெட்டி மேல் பெட்டி விழும்போது ஃபோர்க் நசுங்காமல் காப்பாற்றுவது அதுதான். கடைக்காரர் குப்பையில் போடுவதும் அதைத்தான்.

ஹாலில் பழைய போர்வையை விரித்து வேலையைத் தொடங்கலாம். முதலில் பெடல். இடது பெடலின் மறை தலைகீழ். வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும். முன் சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரை ஆலன் கீயால் தளர்த்திப் பிரேமோடு ஒட்டித் திருப்பி வைக்க வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால், பேடுகளுக்கு நடுவில் தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். வழியில் யாராவது லீவரை அமுக்கிவிட்டால் பேடு ஒட்டிக்கொண்டு, போன ஊரில் மெக்கானிக்கைத் தேட வேண்டிவரும். ரோட்டர் தகடுகளைக் கழற்றித் தனியாக ஒரு புத்தகத்துக்குள் வைப்பது நல்லது. கியரை மாற்றும் பின்புற டிரெயிலியர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு. அதைக் கழற்றி, பழைய டி-ஷர்ட்டில் சுற்றி, பின் சக்கரத்துக்கும் பிரேமுக்கும் இடையில் கட்டிவிட வேண்டும். பிரேம் குழாய்களுக்கு ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் அருமையாகப் பொருந்தும். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். டூல்ஸ் எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். சோதனைக்காகப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் மறுபடி ஒட்ட ஒரு டேப்பும் நாலைந்து கேபிள் டையும் கையில் இருக்கட்டும்.

டயரில் காற்றை இறக்கு என்பார்கள். உண்மையில் பயணிகள் விமானத்தின் சரக்கறையிலும் நாம் உட்காரும் இடத்திலிருக்கும் அதே காற்றழுத்தம்தான். தரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆறு பார் அடித்த டயருக்கு அது ஆறேகால் ஆகும், அவ்வளவுதான். வெடித்துவிடாது. ஆனால் இந்த இயற்பியலைக் கவுண்டரில் விளக்கி ஜெயித்தவர் யாரும் இல்லை. பாதி இறக்கிவிட்டு, ரிம் அடிபடாத அளவுக்கு மீதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இதுவரை படித்திருந்தால் மன்னிக்க வேண்டும், உங்களுக்கு வழியில்லை. லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை எடுத்துப் போகலாம். 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றாலே 360 வந்துவிடுகிறது. தீ விபத்துக்கான விதி இது, இதில் எனக்குச் சண்டையில்லை. மின்னணு கியர் உள்ள ரோடு பைக்கில் கழற்றக்கூடிய சின்ன பேட்டரியைக் கைப்பையில் வையுங்கள். காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பி வேண்டவே வேண்டாம்.

பெட்டியில் என்ன என்று கேட்டால் 'உடற்பயிற்சிக் கருவி', 'கண்காட்சி மாடல்' என்று சொல்லித் தப்பித்த கதைகளைப் பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 'சக்கர நாற்காலி' என்று சொன்னவர்களும் உண்டு. அதை நான் சிரித்துக்கொண்டு கேட்கத் தயாரில்லை. நடக்க முடியாதவருக்குக் கிடைக்கும் சலுகையைத் திருடுவது அது. மற்றவையும் இப்போது எடுபடாது. எக்ஸ்-ரே திரையில் சைக்கிள் அச்சாகச் சைக்கிள் மாதிரியே தெரியும். தவிர, பொய் சொல்லி ஏற்றிய சைக்கிள் உடைந்து வந்தால் நஷ்டஈடு கேட்க வாய் இருக்காது.

உடைந்து வந்தால்

நஷ்டஈடு என்றதும் பெரும்பாலோர் கைவிட்டுவிடுகிறார்கள், செக்-இன் செய்யும்போது 'உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல' என்ற சீட்டில் கையெழுத்து வாங்கிவிடுவதால். ஆனால் சர்வதேசப் பயணத்துக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவும் 2009இலிருந்து அதில் இருக்கிறது. அதில் சொன்னதற்குக் குறைவாகப் பொறுப்பேற்கும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது என்று உடன்படிக்கையே சொல்கிறது. பொருளின் சொந்தக் குறையாலோ உங்கள் கவனக்குறைவாலோ உடைந்தது என்று நிறுவனம் காட்டினால்தான் தப்பிக்கலாம். உள்ளே ஒழுங்காகக் கட்டியிருந்தீர்கள் என்பதற்கு, பெட்டியை மூடும் முன் எடுத்த நாலு போட்டோ உதவும். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு); டாலரில் ஏறக்குறைய இரண்டாயிரம். உங்கள் சைக்கிள் அதற்கு மேல் விலை என்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்டினால்தான் முழுத்தொகை கிடைக்கும். சேதத்தை ஏழு நாளைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெல்ட்டில் பெட்டி வந்ததும் அங்கேயே திறந்து பார்த்து, வெளியே வருவதற்கு முன் புகார்ச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. களைப்பில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்புறம் அது டாக்ஸியில் நசுங்கியது என்பார்கள்.

டாக்ஸி என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்தப் பெட்டி சாதாரண காரின் டிக்கியில் போகாது. கூரையில் கேரியர் உள்ள வண்டியோ இன்னோவாவோ சொல்லி வைக்க வேண்டும். நாலு பேர் நாலு பெட்டி என்றால் ஒரு குட்டியானை பிடிப்பதுதான் கட்டுப்படியாகும். விலையுயர்ந்த சைக்கிளோடு வெளிநாடு போகிறவர்கள், கிளம்பும்போதே சுங்கத் துறையிடம் வண்டி எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது 'அங்கே வாங்கினீர்களா' என்ற கேள்வியும் வரியும் மிச்சம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பேசாமல் போகிற ஊரிலேயே வாடகைக்கு எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் சொல்வதும் சரி. இரண்டு மூன்று நாள் ஊர் சுற்ற வாடகைச் சைக்கிள் போதும். ஆனால் பிரான்சில் நான்காண்டுக்கு ஒரு முறை நடக்கும் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் போன்ற சவாரிக்கு வாடகைச் சைக்கிள் உதவாது. சுமார் 1,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்; சீட்டின் உயரத்தில் அரை அங்குலம் மாறினாலும் முட்டி சொல்லிவிடும். 1891இல் பந்தயமாகத் தொடங்கிய அந்தச் சவாரிக்கு 2019இலும் 2023இலும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தங்கள் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குத் தகுதிபெற 200, 300, 400, 600 கி.மீ. சவாரிகளை முடித்தவர்கள் அவர்கள். கடைசித் தகுதிச் சுற்று கவுண்டரில் நடந்தது.

டிஜிசிஏவிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தனிக் கட்டணப் பட்டியலில் விளையாட்டுச் சாமானுக்கும் இசைக்கருவிக்கும் எதிரே இரண்டு வரி சேர்க்க வேண்டும். எடை வரம்புக்குள் இருக்கும் ஒரு சைக்கிள் பெட்டியைச் செக்-இன் பெட்டிகள் இரண்டுக்கு மேலாகக் கணக்கிடக் கூடாது. டிக்கெட் போடும் திரையில் தொகையாகக் காட்டாத எதையும் கவுண்டரில் வாங்கக் கூடாது. அடுத்த பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் 2027இல். அதற்குப் பெட்டி கட்டுகிறவர்கள் போர்வையை விரிப்பதற்குள் இந்த இரண்டு வரியை எழுதிவிடலாம்.